வீட்டின் முதல் பட்டதாரி: விண்ணப்பத் தாளில் இல்லாத ஒரு கட்டம்

(சிராங்கூன் வட்டாரத்தில் பெற்றோர்களுக்கும் பல்கலைக்கழக விண்ணப்பதாரர்களுக்கும் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



சட்டம் பேசுவதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு வருமுன் ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நான் எழுதிய பொய்.

தொடக்கக்கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் மாணவர் விவரத் தாள் ஒன்று கொடுத்தார்கள். பெயர், முகவரி, பெற்றோர் வேலை, பெற்றோர் கல்வித்தகுதி. என் அப்பா தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர், துறைமுகத்தில் நாள் கூலிக்குச் சேர்ந்தவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். பக்கத்தில் இருந்த மாணவன் தன் தாளில் அப்பாவின் பட்டத்தையும் அதைக் கொடுத்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தான். நான் இரண்டு கட்டத்திலும் "உயர்நிலைப்பள்ளி" என்று எழுதினேன்.

சில மாதம் கழித்து, கல்வி உதவிக்குப் பரிந்துரைக்கப் பிள்ளைகளைத் தேடிய ஆசிரியர் அந்தத் தாள்களைப் புரட்டினார். என் தாளில் நெருக்கடி எதுவும் தெரியவில்லை. வேறு ஒருவருடைய பெயர் போனது. அந்த ஆசிரியர்மேல் எனக்குக் குறை கிடையாது, அவர் தாளில் இருந்ததைத்தான் படித்தார். கேட்டுக்கொண்டேன்: அப்பா நான்காம் வகுப்பு என்று உண்மையை எழுதினால் கிடைப்பது வெட்கம் மட்டும் என்றால், பதினேழு வயதுப் பிள்ளை ஏன் உண்மையை எழுதும்?

இன்றைய பேச்சின் கேள்வி அதிலிருந்துதான் வருகிறது. ஒரு வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை என்பதைச் சேர்க்கையில் ஒரு தகுதிநிலையாகக் கணக்கில் எடுக்க வேண்டுமா? எடுத்தால் நம் அரசமைப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா? சிறுபான்மை இனமான நமக்கு அதில் என்ன இருக்கிறது?

அரசு இதை ஒருமுறை கணக்கில் எடுத்தது, தலைகீழாக

பெற்றோரின் படிப்பை வைத்துப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது சிங்கப்பூருக்குப் புதிய யோசனை இல்லை. 1983 ஆகஸ்ட்டில், தேசிய தினக் கூட்ட உரையில், அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ, பட்டதாரிப் பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள், படிக்காத பெண்கள் கூடுதலாகப் பெறுகிறார்கள், இதனால் நாட்டின் திறமை குறையும் என்று பேசினார். 1984 ஜனவரியில் ஒரு திட்டம் வந்தது. பட்டதாரித் தாய் மூன்றாவது பிள்ளை பெற்றால், அவருடைய பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்றுப் பதிவில் முன்னுரிமை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், குறைந்த படிப்பும் குறைந்த வருமானமும் உள்ள இளம் தாய்மார்கள் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்ற திட்டமும் வந்தது.

மக்கள் கொதித்தார்கள், பட்டதாரிப் பெண்களே எதிர்த்தார்கள். 1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு விகிதம் முந்தைய தேர்தலைவிட ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. பல காரணங்களில் இதுவும் ஒன்று என்பதை மறுப்பவர்கள் குறைவு. 1985இல் புதிய கல்வி அமைச்சராக வந்த டாக்டர் டோனி டான் பள்ளி முன்னுரிமைத் திட்டத்தைக் கைவிட்டார். மாதர் உரிமைக்கான அவேர் சங்கம் பிறந்ததும் அதே 1985இல், அந்த விவாதச் சூட்டில்தான்.

இதை நான் பழைய காயத்தைக் கிளறச் சொல்லவில்லை. 'பெற்றோரின் படிப்பைப் பார்த்துச் சலுகை கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, நிர்வாகச் சிக்கல்' என்று யாராவது சொன்னால், 1984இல் நிர்வாகத்தால் முடிந்தது என்று பதில் சொல்லுங்கள். படித்தவர் வீட்டுப் பிள்ளையைக் கண்டுபிடித்து முன்வரிசையில் நிறுத்த முடிந்தது என்றால், படிக்காதவர் வீட்டுப் பிள்ளையைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

அந்தத் திட்டம் போய்விட்டாலும் அதன் தூரத்து உறவு இன்றும் இருக்கிறது. தொடக்கநிலை ஒன்றுப் பதிவில் 2ஏ கட்டம் என்று ஒன்று உண்டு. அப்பாவோ அம்மாவோ அந்தப் பள்ளியில் படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னதாகப் பதிவு. எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் 2சி கட்டத்தில் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். இது அநியாயம் என்ற குரல் எழுந்ததால் 2014இலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் 2பி, 2சி கட்டங்களுக்கு 20 வீதம் 40 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2022 பதிவிலிருந்து 2சி கட்டத்துக்கு மட்டும் 40 இடங்கள் என்று உயர்த்தினார்கள். உயர்நிலைப்பள்ளியிலும், இணைப்புத் தொடக்கப்பள்ளிகள் உள்ள பள்ளிகள் 20 விழுக்காட்டு இடங்களை இணைப்பு இல்லாத பிள்ளைகளுக்காக வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2019இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து நடப்புக்கு வந்தது.

இவை நல்ல திருத்தங்கள், வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி வாசலில் இது ஒரு பிரச்சினை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழக வாசலில் அதே பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

நம் தாத்தா பாட்டி ஏன் பட்டதாரி ஆகவில்லை?

'அவர்கள் படிக்கவில்லை, அதனால் ஆகவில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மை இல்லை.

ஒரு காலத்தில் இந்தத் தீவில் நான்கு மொழியிலும் பள்ளிகள் இருந்தன. ஆங்கிலப் பள்ளியில் படித்தவருக்கு மலாயாப் பல்கலைக்கழகம், பிறகு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் இருந்தது. சீனப் பள்ளியில் படித்தவருக்காகச் சீனச் சமூகமே பணம் திரட்டி, வாடகை வண்டி ஓட்டுநர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்து, 1950களில் நன்யாங் பல்கலைக்கழகத்தைக் கட்டியது. தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு இந்த ஊரில் எந்தப் பல்கலைக்கழகம் இருந்தது? எதுவும் இல்லை. பெரும்பாலானோருக்கு ஆறாம் வகுப்போடு பாதை முடிந்தது. அதற்கு மேல் தமிழில் படிக்க உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி இருந்தது. அதுவும் 1982இல் மூடப்பட்டது. பிறகு 1987க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்ட ஒரே தேசியப் பள்ளிமுறைக்குள் வந்துவிட்டன.

நம் வீட்டுப் பெரியவர்களின் படிப்பு நின்றதற்கு வறுமை ஒரு காரணம். அவர்கள் ஏறிய ஏணிக்கு மேல் படி இல்லாதது இன்னொரு காரணம். பீட்டி ரோட்டில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

சராசரி மறைக்கும் பிள்ளைகள்

இனி எண்களுக்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள்: சீனர் 34.7 விழுக்காடு, மலாய்க்காரர் 10.8 விழுக்காடு, இந்தியர் 41.3 விழுக்காடு.

இந்தியர்தான் முதலிடம். கைதட்டத் தோன்றும். ஆனால் இந்தக் கூடத்தில் இருப்பவர்களிடம் கை தூக்கச் சொல்கிறேன்: அப்பா அம்மா இருவரில் ஒருவராவது பட்டதாரியாக இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? (ஏழு கைகள் உயர்ந்தன.) ஏறத்தாழ நூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படியானால் அந்த 41.3 எங்கிருந்து வந்தது? "சிங்கப்பூர்வாசி" என்ற சொல்லில் குடிமக்களும் உண்டு, நிரந்தரவாசிகளும் உண்டு. 1990களிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து பொறியாளர்களும் கணினி வல்லுநர்களும் வங்கி அதிகாரிகளும் இங்கே வந்து குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டத்தோடு வந்தவர்கள். அவர்கள் வந்தது தவறில்லை. அவர்களும் நம்மவர்கள்தான், அவர்கள்மேல் பொறாமை வளர்க்கும் பேச்சை இந்த மேடை அனுமதிக்காது. ஆனால் கணக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் நகராட்சியிலும் உழைத்த குடும்பத்தின் பேரப்பிள்ளையும், இரண்டு முதுகலைப் பட்டத்தோடு நேற்று இறங்கியவரின் பிள்ளையும் "இந்தியர்" என்ற ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரி உயர்கிறது. சராசரி உயர உயர, முதல் பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இதைப் பெரிய ஆபத்தாகவே நான் பார்க்கிறேன். ஒரு சிறுபான்மையின் குறையைச் சொல்ல இனவாரிக் கணக்கு ஒன்றுதான் நம்மிடம் இருந்தது. 1980களின் இறுதியில் இந்திய மாணவர்கள் பின்தங்கியிருப்பதை அந்தக் கணக்குத்தான் காட்டியது. இந்தியர் கல்விக்கான நடவடிக்கைக் குழு அமைந்தது, 1991இல் சிண்டா பிறந்தது. அதற்கு முன்பே 1982இல் மலாய் முஸ்லிம் சமூகத்துக்கு மெண்டாக்கி வந்திருந்தது, 1992இல் சீனர்களுக்கு ஒன்று வந்தது. இன்று அதே இனவாரிக் கணக்கைக் காட்டி, 'உங்கள் சமூகம்தான் முன்னால் நிற்கிறதே, இன்னும் என்ன?' என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சிண்டாவுக்குக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பணம் யாரைத் தேடிப் போக வேண்டுமோ அந்தப் பிள்ளையை எந்த அளவுகோல் காட்டும்?

என் பதில்: குடும்ப அளவுகோல். வீட்டில் முதல் பட்டதாரியா, இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசமைப்புச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 152ஆம் பிரிவு. சிறுபான்மை இனங்கள், சமயங்களின் நலனை இடைவிடாமல் கவனிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது அதன் முதல் உட்பிரிவு. இரண்டாம் உட்பிரிவு, மலாய்க்காரர்கள் இந்நாட்டின் பூர்வகுடிகள் என்ற சிறப்பு நிலையை ஏற்று, கல்வி உட்பட அவர்கள் நலனைப் பேணச் சொல்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் மலாய் மாணவர்களுக்கு உயர்கல்விக் கட்டணச் சலுகை இருந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து அது மெண்டாக்கி வழியாகக் குடும்ப வருமானம் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. இனச் சலுகையே குடும்ப நிலையைப் பார்க்கும் சலுகையாக மாறிய உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது.

இரண்டாவது, 12ஆம் பிரிவு. சட்டத்தின் முன் எல்லாரும் சமம். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது.

மூன்றாவது, 16ஆம் பிரிவு. அதே நான்கு காரணங்களை மட்டுமே வைத்து, பொது அமைப்பு நடத்தும் கல்விக்கூடங்களின் நிர்வாகத்தில், குறிப்பாக மாணவர் சேர்க்கையிலும் கட்டணத்திலும், பாகுபாடு கூடாது. பொதுப் பணத்திலிருந்து தரும் கல்வி உதவியிலும் கூடாது.

எதிர்வாதம் இப்படி வரும்: 'அப்பா படித்தாரா என்று பார்ப்பது வம்சாவளி பார்ப்பதுதானே?' கேட்க நியாயமாக இருக்கிறது. என் வாசிப்பில் அது சரியில்லை. வம்சாவளி என்பது யாருடைய ரத்தம், எந்த மரபு என்பது. அப்பாவின் படிப்பு அவர் பிறந்தபோது ஒட்டிக்கொண்ட அடையாளம் இல்லை. அது அவருக்கு நேர்ந்த சூழ்நிலை, அவருடைய வருமானத்தைப் போல. வருமானத்தைப் பார்த்து உதவி கொடுப்பதை யாரும் வம்சாவளிப் பாகுபாடு என்று சொல்வதில்லை.

நான்கு காரணங்களுக்குள் வராத வகைப்பாட்டை நம் நீதிமன்றங்கள் வேறு விதமாகச் சோதிக்கும். 1980இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த ஓங் ஆ சுவான் வழக்கிலிருந்து வரும் மரபு அது. வகைப்பாடு தெளிவாக அடையாளம் காணக்கூடியதா? சட்டத்தின் நோக்கத்தோடு அதற்கு நியாயமான தொடர்பு உண்டா? பட்டதாரி இல்லாத வீடு என்பதை அடையாளம் காணலாம். உயர்கல்வியைப் பரவலாக்குவது நோக்கம் என்றால் தொடர்பும் இருக்கிறது. ஆகவே சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பதே என் கருத்து. மனம் வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

வெளிநாட்டில் ஒரு செய்தியையும் பாருங்கள். அமெரிக்காவில் 2023 ஜூன் 29ஆம் தேதி, ஹார்வர்ட் வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. வீட்டின் முதல் பட்டதாரியா என்று பார்ப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. அங்கே 1980இலேயே கூட்டரசுச் சட்டத்தில் இதற்கு வரையறை எழுதிவிட்டார்கள்: பெற்றோர் இருவரும் இளங்கலைப் பட்டம் முடிக்காதவர்கள், அல்லது ஒரே பெற்றோரிடம் வளர்ந்தால் அவர் முடிக்காதவர். இன அளவுகோல் உடைந்தாலும் குடும்ப அளவுகோல் நின்றது.

தமிழ்நாடும் இலங்கையும் கற்றுக்கொடுத்தவை

தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டிலிருந்து, வீட்டின் முதல் பட்டதாரியாக ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்விக்குப் போகும் மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வருவாய்த் துறை அலுவலகத்தில் "முதல் பட்டதாரி" சான்றிதழ் வாங்க வேண்டும். சாதியோ வருமானமோ பார்க்காமல், வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்பது ஒன்றை மட்டும் பார்க்கும் சலுகை. எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குள் கால் வைக்க அது உதவியது.

ஆனால் அதிலிருந்து மூன்று பாடங்கள் நமக்கு உண்டு.

ஒன்று, அது கட்டணத்தைக் குறைக்கிறதே தவிர, இடம் கிடைப்பதற்கு உதவவில்லை. வாசலில் நுழைந்தவருக்குத்தான் சலுகை. அதனால்தான் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்று தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அதைச் செல்லும் என்றது.

இரண்டு, அங்கே உடன்பிறந்தவரையும் பார்க்கிறார்கள். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்குச் சான்றிதழ் கிடையாது. அக்கா ஒருத்தி படித்துவிட்டதால் அந்த வீட்டுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? நாம் வரையறை எழுதினால் பெற்றோரை மட்டும் பார்க்க வேண்டும்.

மூன்று, பட்டம் இல்லாத பெரும் வணிகர் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே சான்றிதழ் உண்டு. தேக்கா சந்தையில் காய்கறி தூக்குபவரின் பிள்ளையையும், நான்கு கடை வைத்திருக்கும் முதலாளியின் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஊர் சிரிக்கும். ஆகவே முதல் பட்டதாரி என்பதோடு தலா வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலா வருமானக் கணக்கு நம் கல்வி உதவித் திட்டங்களில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

இலங்கையை நினைக்காமல் தமிழர் கூட்டத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கை பற்றிப் பேச முடியாது. 1970களின் தொடக்கத்தில் அங்கே தரப்படுத்தல் வந்தது. தமிழ் மொழியில் எழுதிய மாணவர் சிங்கள மொழியில் எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினால்தான் அதே படிப்பில் இடம் என்றார்கள். பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதில் நியாயம் இருந்தாலும், யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனத்தில் முதல் அடியின் வலி போகவில்லை. அதன் விலையை உலகம் அறியும். பிள்ளையின் மதிப்பெண்ணை அவன் இனத்தையோ மொழியையோ வைத்து அரசு எடை போடத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் இன ஒதுக்கீடு கேட்காமல் குடும்ப அளவுகோல் கேட்பதற்கு அதுவும் காரணம். முதல் பட்டதாரி என்ற கட்டத்தில் சீன உணவங்காடிக்காரர் மகளும் வருவாள், மலாய்ப் பேருந்து ஓட்டுநர் மகனும் வருவான், நம் பிள்ளையும் வருவான். பக்கத்து வீட்டுக்காரர் நம்மை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

'தகுதிக்கு மதிப்பு என்னாவது?'

அடுத்த எதிர்வாதம் இது. இந்த நாடு தகுதியால் வளர்ந்தது, இதையும் சலுகையாக்கினால் தகுதி கெட்டுவிடும் என்பார்கள்.

தகுதி வேண்டும், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் தகுதியை எப்படி அளக்கிறோம்? 2017இல் கல்வி அமைச்சு ஒரு மாற்றத்தை அறிவித்தது. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் மட்டும் பார்க்காமல், ஆர்வம், திறனாற்றல், அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து 15 விழுக்காடு வரையிலான இடங்களைத் தம் முடிவின்படி கொடுக்கலாம் என்பது அது. அதற்கு முன் அது 10 விழுக்காடாக இருந்தது. மிக நல்ல நோக்கம். நடைமுறையில் விண்ணப்பத்தில் என்ன எழுதச் சொல்கிறார்கள்? வேலைப் பயிற்சி, போட்டிகள், தொண்டூழியம், தலைமைப் பொறுப்பு, பரிந்துரைக் கடிதம், தன் அனுபவம் பற்றிய கட்டுரை.

சென்ற ஆண்டு எங்கள் ஞாயிறு உதவி மேசைக்கு ஒரு மாணவி வந்தாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் நல்ல மதிப்பெண். விண்ணப்பத்தில் "சாதனைகள்" என்ற பகுதியைக் காலியாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எனக்குச் சாதனை எதுவும் இல்லை அக்கா" என்றாள். மெதுவாகக் கேட்டுப் பார்த்தால், பதினான்கு வயதிலிருந்து மாலையில் அம்மாவின் பூக்கடையில் மாலை கட்டுகிறாள். தீபாவளி மாதத்தில் கடைக் கணக்கு முழுக்க அவள் கையில். பாட்டியின் மருத்துவச் சந்திப்புகளில் மொழிபெயர்ப்பவள் அவள். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதம் எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுகிறவளும் அவள்தான். சட்ட அலுவலகத்தில் இரண்டு வாரம் மாமாவின் சிபாரிசில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளை அதை ஒரு பக்கம் எழுதும். இவளுடைய ஆறு ஆண்டு உழைப்பு காலிக் கட்டமாக இருந்தது. அது சாதனை என்று அவளுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அன்று மாலை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினோம். பொய் ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, இடமும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அன்று அவள் பேருந்தைத் தவறவிட்டு எங்கள் மேசைக்கு வராமல் போயிருந்தால்?

அதே மதிப்பெண்ணுக்கு இருவர் வந்த தூரம் ஒன்றில்லை. வந்த தூரத்தையும் பார்ப்பது தகுதியைக் குறைப்பதாகாது, தகுதியைச் சரியாக அளப்பதுதான். தேர்வில் தவறியவரை உள்ளே விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தகுதி பெற்றவர்கள் நடுவே முடிவெடுக்கும்போது இந்த விவரம் மேசையில் இருக்கட்டும் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இது தானாகவே தேயும் சலுகை. ஒரு வீட்டில் ஒரு தலைமுறை படித்துவிட்டால் அந்த வீடு வரிசையிலிருந்து வெளியேறிவிடும். என் பிள்ளைக்கு இந்தத் தகுதிநிலை கிடையாது, கிடைக்கவும் கூடாது. நாற்பது ஆண்டில் இந்தக் கட்டத்தில் குறியிட ஆளே இல்லாமல் போனால் அதுதான் இதன் வெற்றி.

நாம் கேட்பது

1. பல்கலைக்கழகங்களில் சேரும் மாணவர்களில் பட்டதாரி இல்லாத வீடுகளிலிருந்து வருபவர்கள் எத்தனை விழுக்காடு என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இனவாரியாகவும், ஒவ்வோர் இனத்துக்குள்ளும் பெற்றோர் இங்கே பள்ளியில் படித்தவர்களா என்பதைப் பிரித்தும் வெளியிட வேண்டும்.

2. 15 விழுக்காட்டுச் சேர்க்கையில், பெற்றோர் இருவரும் பட்டதாரி இல்லை என்பதைத் தலா வருமானத்தோடு சேர்த்து ஓர் அம்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பொறுப்பும் குடும்பக் கடை உழைப்பும் அனுபவமே என்று விண்ணப்பத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

3. உள்ளே விட்டுவிட்டுக் கைகழுவக் கூடாது. முதலாண்டில் வழிகாட்ட ஒரு மூத்த மாணவர், கட்டண உதவி பற்றிச் சேர்க்கைக் கடிதத்தோடு தெளிவான தகவல், பெற்றோருக்குத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் விளக்கக்கூட்டம் வேண்டும். நாட்டுக்கு நான்கு அதிகாரத்துவ மொழி இருப்பது பெயர்ப்பலகைக்கு மட்டுமா?

4. சமூக அமைப்புகள் இன சராசரியைப் பார்த்து நிம்மதி அடையாமல், தங்கள் உதவி எத்தனை முதல் பட்டதாரி வீடுகளுக்குப் போனது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

இவற்றுக்காகக் கையொப்பமிட்ட மனு, நாடாளுமன்ற உறுப்பினருடன் சந்திப்பு, கல்வி அமைச்சுக்குக் கடிதம் என்ற மூன்று வழியிலும் போவோம். எல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட வழிதான். வாசலில் மனுத்தாள் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். புரியாமல் போடாதீர்கள், கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் படிவத்தில் உங்கள் படிப்பைக் கேட்டால் இருப்பதைச் சொல்லுங்கள். தொடக்கநிலை மூன்று என்றால் மூன்று என்று எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு மேல்படிப்புக்கு வழியில்லாத ஒரு காலத்தில் நீங்கள் வேலைக்குப் போனீர்கள், வீவக வீட்டுக்குத் தவணை கட்டினீர்கள், பிள்ளையை இதுவரை கொண்டுவந்தீர்கள். குனிந்து எழுத வேண்டிய விவரம் அதில் எதுவும் இல்லை.

என் அப்பா இப்போது இல்லை. அந்தத் தாளில் நான் எழுதியதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டார். "என் பேருல ரெண்டு வகுப்புக் கூட்டிட்டியா" என்று சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை நான் கேட்காமல் போனதற்குக் காரணம் என் வெட்கம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வெட்கம் வேண்டாம்.

அடுத்த மாதமும் உதவி மேசை உண்டு. விண்ணப்பத் தாளோடு வாருங்கள், காலிக் கட்டங்களோடு வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம்.